உளுந்து கலப்பு: காய் நிற்பதில்லை, பொறுக்கிய எஃப்-2 செடிகளும் அடுத்த தலைமுறையில் விளைவதில்லை

நெல்தரிசு (கேள்வி)

வணக்கம். ஆடுதுறை 3 உளுந்தின் நெல் தரிசுக்கு (நெல்லுக்குப் பின் நிலத்தில் மிஞ்சும் ஈரத்தில் வளர்ப்பதற்கு) ஏற்ற குணத்தையும், வம்பன் 8-இன் மஞ்சள் தேமல் (வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய்) எதிர்ப்பையும் ஒரே ரகத்தில் சேர்க்கும் முயற்சி இது. தாய் வம்பன் 8, தந்தை ஆடுதுறை 3.

காலை 8 மணிக்கு மேல் மொட்டைப் பிரித்து மகரந்தப்பைகளை எடுத்து, அப்போதே மகரந்தம் வைக்கிறோம். நூறு பூ செய்தால் நாலைந்து காய்தான் நிற்கிறது. அந்த விதையை முளைக்க வைத்தால் பாதிச் செடிகள் தாயைப் போலவே இருக்கின்றன. மாசிப் பட்டத்தில் போட்ட எஃப்-1-இல் (கலப்பின் முதல் தலைமுறை; அதன் விதையில் வருவது எஃப்-2, அடுத்தது எஃப்-3) சில செடிகள் 30 நாளில் மஞ்சளாகிவிட்டன. எதிர்ப்பு ரகத்தைத் தாயாக வைத்தும் ஏன் இப்படி? அவற்றைப் பிடுங்கிவிடலாமா?

இன்னொரு கலப்பின் எஃப்-2-இல் காய் நிறையப் பிடித்த செடிகளாகப் பார்த்துப் பொறுக்கி எஃப்-3 வரிசைகள் போட்டதில், எந்த வரிசையும் பெற்றோரைத் தாண்டவில்லை. பொறுக்குவதில் என்ன தவறு? துவரையில் இருப்பதுபோல உளுந்தில் வீரிய ஒட்டு (எஃப்-1 விதையையே பயிரிடும் ரகம்) ஏன் வரவில்லை என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

படகுஅல்லி

முதலில் நேரம். உளுந்துப் பூ தன் மகரந்தத்தில் தானே கருவுறும். பூ விரிவது காலையில் என்றாலும் மகரந்தப்பைகள் முந்தின இரவே மொட்டுக்குள் வெடித்துவிடும். காலை 8 மணிக்கு நீங்கள் திறக்கும் மொட்டில் பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். பாதிச் செடிகள் தாயைப் போல இருப்பதற்கு அதுவே காரணம். அவை கலப்பே அல்ல, தன்மகரந்தத்தில் வந்தவை.

மகரந்தப்பை நீக்கத்தை மாலை 4 முதல் 6 மணிக்குள் முடியுங்கள். மறுநாள் காலை விரியப்போகும் மொட்டு வேண்டும்: பருத்து, நுனி பச்சையும் மஞ்சளும் கலந்து, புல்லி வட்டத்துக்கு வெளியே நன்றாகத் தெரிய வேண்டும். இதழ் முழு மஞ்சளாகிவிட்டால் அது தாமதம். முழுப் பச்சையாகச் சிறுத்திருந்தால் சூலகம் முதிரவில்லை, கை பட்டதும் உதிரும்.

மொட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்லப் பிடித்து, கூர்முனை ஃபோர்செப்ஸால் கொடி அல்லியையும் (பெரிய வெளி இதழ்) சிறகு அல்லிகளையும் (இரு பக்க இதழ்கள்) ஒதுக்கினால், மகரந்தத்தாள்களையும் சூல்தண்டையும் மூடியிருக்கும் படகு அல்லி தெரியும். உளுந்தில் அது நத்தைக்கூடு போல முறுக்கியிருக்கும், ஒரு பக்கத்தில் கொம்பு போன்ற புடைப்பும் உண்டு. பழகாத கை தவறுவது இங்கேதான். முறுக்கின் வெளிவளைவில் மேலோட்டமாகக் கீறுங்கள். உள்வளைவில் கீறினால் சூல்தண்டு அறுந்துவிடும். மகரந்தத்தாள்கள் பத்து, ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனித்தும் இருக்கும். பத்தையும் எண்ணி எடுத்துவிட்டுக் கைலென்ஸில் சூல்முடியைப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டியிருந்தால் அந்த மொட்டைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். முடிந்ததும் இதழ்களைப் பழையபடி மூடிவிடுங்கள், சூல்முடி காயாமல் இருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் இடையில் ஃபோர்செப்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து உலர விடுங்கள். ஈர ஸ்பிரிட் பட்டாலும் சூல்முடி கருகும்.

மறுநாள் காலை 6 முதல் 8 மணிக்குள் தந்தைச் செடியில் அன்று விரிந்த பூவைப் பறித்து, கொடி அல்லியையும் சிறகு அல்லிகளையும் நீக்கிப் படகு அல்லியின் அடியை அழுத்துங்கள். மகரந்தம் அப்பிய சூல்தண்டு வெளியே நீளும். அதையே தூரிகையாகக் கொண்டு தாய்ப்பூவின் சூல்முடியில் இரண்டு மூன்று முறை தொடுங்கள். தனித்தூரிகை தேவையில்லை.

இனி காய் நிற்பது. கலப்பு செய்யாமலே உளுந்து தன் பூக்களில் பெரும்பகுதியை உதிர்த்துவிடும். ஆகவே ஒரு கொத்தில் இரண்டு பூவுக்கு மேல் கலப்பு செய்யாதீர்கள். அதே கொத்தில் உள்ள மற்ற மொட்டுகளையும், ஏற்கெனவே பிடித்த காய்களையும் கிள்ளிவிடுங்கள். அவை இருந்தால் செடியின் சத்து அங்கேதான் போகும். பூக்கத் தொடங்கிய முதல் பத்து நாள் பூக்களில் காய் நன்றாக நிற்கும், கடைசிப் பூக்களில் மெனக்கெடுவது வீண். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சி மண் ஈரமாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் கலப்பு வேலையே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் இருக்கும், ஆனால் மழை மகரந்தத்தைக் கழுவிவிடும் என்பதால் பட்டர் பேப்பர் உறை போட வேண்டும்.

தந்தை ரகத்தை ஒரு வாரம் இடைவெளி விட்டு மூன்று தவணையாக விதையுங்கள், பூக்கும் நாள் எப்படியும் ஒத்துவரும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து காய் நின்றால் அது நல்ல கை. கலப்புக் காயில் விதை குறைவாக இருப்பதும் இயல்பு.

தேமல்பார்வை

மஞ்சளான எஃப்-1 செடிகளைப் பிடுங்க வேண்டாம். உங்களிடம் உள்ளவற்றில் நிச்சயமான கலப்பு அவைதான்.

மஞ்சள் தேமல் எதிர்ப்பு பல உளுந்துக் கலப்புகளில் ஒடுங்கு பண்பாகவே, அதாவது தாய், தந்தை இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் பண்பாகவே, வந்திருக்கிறது. சிலவற்றில் ஒரு மரபணு, சிலவற்றில் இரண்டு. ஓங்கு பண்பாக (ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளிப்படுவதாக) வந்த கலப்புகளும் உண்டு, பெற்றோரைப் பொறுத்து மாறும். உங்கள் எஃப்-1 மஞ்சளாகிறது என்றால் இந்தக் கலப்பில் எதிர்ப்பு ஒடுங்கு பண்பு என்றே கொள்ளலாம். தாய் எதிர்ப்பு ரகம். தன்மகரந்தத்தில் வந்த செடி என்றால் தாயைப் போலப் பச்சையாக இருந்திருக்கும். மஞ்சளானது தந்தையின் மரபணு உள்ளே வந்ததற்குச் சாட்சி. தாய் விதை கலப்படமில்லாமல் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும், அதனால் பக்கத்திலேயே தாய் ரகத்தை ஒரு வரிசை போட்டு ஒப்பிடுங்கள். மறுபுறம், பச்சையாக இருப்பதெல்லாம் போலி (கலப்பாகாமல் தன்மகரந்தத்தில் வந்தது) என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளை ஈ அந்தச் செடிக்கு வராமலே போயிருக்கலாம்.

வேறு அடையாளங்களும் உண்டு. முளைத்த நாலாம் நாள் தண்டின் அடி ஊதாவா பச்சையா என்று பாருங்கள், ஊதா ஓங்கு பண்பு. காயில் மயிர் இருப்பதும் இல்லாததற்கு ஓங்கு. ஒடுங்கு பண்புள்ள ரகம் தாயாக இருந்தால்தான் இவை பயன்படும். கலப்புக் காயில் உள்ள விதையின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விதைத்தோல் தாயின் திசு, தந்தையின் குணம் அதில் அந்தத் தலைமுறையில் தெரியாது.

எஃப்-1 நோயில் விழும் என்று தெரிந்த பிறகு மாசி, பங்குனியில் அதைத் திறந்தவெளியில் விதைக்கக் கூடாது. வெள்ளை ஈ நுழைய முடியாத நுண்கண் நைலான் வலைக்குள் வளருங்கள். எஃப்-1 விதை மலிவானதல்ல, செடிக்குச் செடி தாராளமாக இடம் விடுங்கள். ஒவ்வொரு எஃப்-1 செடியையும் தனித்தனியாக அறுவடை செய்து தனி உறையில் வையுங்கள். ஒன்று போலியாகத் தெரிந்தால் அதை மட்டும் ஒதுக்கலாம். கலந்துவிட்டால் வழியே இல்லை.

எஃப்-2-வை மட்டும் கோடையில் வேண்டுமென்றே நோய்க்குக் காட்டுங்கள். இரண்டு சோதனை வரிசைக்கு ஒரு வரிசை கோ 5 (இந்த நோய்க்கு எளிதில் விழும் ரகம்), சுற்றிலும் கோ 5. பூச்சிமருந்து கூடாது, இமிடாகுளோபிரிட் விதைநேர்த்தியும் கூடாது. கோ 5 வரிசைகள் ஏறக்குறைய முழுவதும் மஞ்சளாகாவிட்டால் அந்தப் பருவத்தின் மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். 30-ஆம் நாளும் 45 அல்லது 50-ஆம் நாளும் நோயின் கடுமையை 1 முதல் 9 வரையான அளவுகோலில் குறியுங்கள்.

எத்தனை செடி வேண்டும்? எதிர்ப்பு ஒரு ஒடுங்கு மரபணுவாக இருந்தால் 4-இல் 1, இரண்டு ஒடுங்கு மரபணுக்களும் சேர வேண்டுமென்றால் 16-இல் 1. 240 செடி போட்டால் முதலாவதில் 60, இரண்டாவதில் 15 பச்சையாக நிற்கும். 16-இல் 1 என்ற நிலையில் ஒரு செடியாவது கிடைக்கும் என்று 95 சதவீத உறுதி பெறவே 47 செடி வேண்டும். ஒரு செடியை வைத்து ரகம் உருவாக்க முடியாது. 300-க்குக் குறையாமல் போடுங்கள்.

ஒடுங்கு எதிர்ப்பில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. உண்மையான எதிர்ப்புச் செடி எஃப்-2-இலேயே தூய நிலையில் (மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே வகை) இருக்கும், எஃப்-3-இல் பிரியாது. எஃப்-3 வரிசையில் மஞ்சள் செடிகள் கணிசமாகத் தெரிந்தால், அதன் தாய்ச்செடி நோய்க்குத் தப்பியது என்று பொருள்.

நெல்தரிசு

மிக்க நன்றி. மஞ்சள் செடிகள் இன்னும் நிலத்தில்தான் உள்ளன, இன்றே வலை கட்டுகிறோம். நோய்ச் சோதனைக்குப் பதிலாக மார்க்கர் (மரபணுவுக்கு அருகில் உள்ள டி.என்.ஏ. அடையாளம்) பார்த்தால் ஒரு பருவம் மிச்சமாகாதா? சி.இ.டி.ஜி. 180 என்று ஒன்றைச் சொல்கிறார்கள்.

தேமல்பார்வை

அது டி.பி.யு. 88-31, ஏ.கே.யு. 9904 என்ற இரண்டு உளுந்துகளின் கலப்பில், எதிர்ப்பு ஓங்கு பண்பாக வந்தபோது கண்டது. மரபணுவிலிருந்து 12.9 சென்டிமார்கன் (மரபணு வரைபடத்தில் தூர அளவு) தள்ளி இருக்கிறது. இணைமாற்றத்தில் (குரோமோசோம் துண்டுகள் இடம் மாறும்போது) மார்க்கரும் மரபணுவும் ஏறக்குறைய 13 சதவீதம் பிரியும். மார்க்கர் தூய நிலையில் உள்ள செடியைப் பொறுக்கினால், மரபணுவும் தூய நிலையில் இருக்கும் வாய்ப்பு 0.87 × 0.87, அதாவது நாலில் மூன்றுதான். அதோடு அந்தச் சோதனை வடக்கில் பரவலாக உள்ள மூங்பீன் எல்லோ மொசைக் இந்தியா வைரஸுக்கு எதிராக நடந்தது. நம் பக்கம் பரவலாக இருப்பது மூங்பீன் எல்லோ மொசைக் வைரஸ். உங்கள் பெற்றோரில் அந்த மார்க்கர் வேறுபடுகிறதா, உங்கள் எஃப்-2-இல் நோயோடு சேர்ந்து போகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. பெற்றோரிடையே வேறுபடும் ஏதாவது ஒரு எஸ்.எஸ்.ஆர். மார்க்கரை (திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடரைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளம்) எஃப்-1-ஐ உறுதி செய்யப் பயன்படுத்துங்கள். தாய், தந்தை இரண்டின் பட்டையும் தெரிந்தால் கலப்பு. அந்த வேலைக்கு அது மிகச் சரியான கருவி.

நூறுமணி

விளைச்சல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எஃப்-2-இல் தனிச்செடியின் காய் எண்ணிக்கையைப் பார்த்துப் பொறுக்கியதுதான் தவறு. அந்தச் செடிக்குப் பக்கத்துச் செடி செத்துப்போயிருக்கும், அல்லது பாத்தி ஓரத்தில் நின்றிருக்கும், அல்லது எரு விழுந்த இடமாக இருந்திருக்கும். அது விதையோடு வராது.

கணக்காகச் சொன்னால், அடுத்த தலைமுறையில் கிடைக்கும் முன்னேற்றம் மரபுவழித் திறனை (செடிகளிடையே உள்ள வித்தியாசத்தில் விதையோடு கடந்துபோகும் பங்கு) நீங்கள் பொறுக்கிய வித்தியாசத்தால் பெருக்கி வருவது. எஃப்-2-இன் சராசரி செடிக்கு 8 கிராம், நீங்கள் பொறுக்கியவை 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12. தனிச்செடி விளைச்சலின் மரபுவழித் திறன் 0.1 என்றால் எஃப்-3-இல் கிடைப்பது 1.2 கிராம். வரிசைக்கு வரிசை உள்ள மண் வேறுபாட்டில் அது கண்ணுக்கே தெரியாது. நூறு மணி எடையில் நிலைமை வேறு. அதன் மரபுவழித் திறன் பெரும்பாலும் உயர்வாக இருக்கும், தனிச்செடியிலேயே நம்பிப் பொறுக்கலாம்.

ஆகவே எஃப்-2-இல் நோய், முதிர்ச்சி நாள், ஒரே சமயத்தில் காய் முதிர்வது, செடி அமைப்பு, மணி எடை ஆகியவற்றை மட்டும் பாருங்கள். விளைச்சலைத் தொடவே வேண்டாம். மிஞ்சிய ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு காய் எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கடத்துங்கள். ஒரு விதை போதும் என்பது ஏட்டுக் கணக்கு. அது முளைக்காமல் போனால் அந்த வழி அறுந்துவிடும். எஃப்-2-இல் 50 சதவீதமாக இருக்கும் கலப்பு நிலை (மரபணுவின் இரு பிரதிகளும் வேறாக இருப்பது) எஃப்-5-இல் 6.25-க்கு இறங்கிவிடும். உளுந்து 65, 70 நாள் பயிர். ஆண்டுக்கு மூன்று பட்டம் போட்டால் எஃப்-2 விதை கையில் கிடைத்து ஒன்றரை ஆண்டுக்குள் எஃப்-5-ஐத் தாண்டிவிடலாம். அங்கிருந்து விளைச்சல் பார்க்கத் தொடங்குங்கள்.

பார்க்கும் இடம் முக்கியம். உங்கள் நோக்கம் நெல் தரிசு. 30-க்கு 10 செ.மீ. இடைவெளியில், பாசன நிலத்தில் முதலிடம் வரும் வழி (ஒரு செடியிலிருந்து தொடர்ந்து வந்த விதைத் தொடர்), நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு மண்ணின் மெழுகுப் பதத்தில் விதைத்துப் பனி ஈரத்தில் வளரும் தரிசில் பின்தங்கிவிடலாம். எஃப்-5-இலிருந்து பாதி விதையாவது தரிசு நிலத்துக்கே போக வேண்டும். ஆடுதுறை 3 பழைய திருநெல்வேலி நாட்டு உளுந்திலிருந்து தனிவழித் தேர்வாக வந்தது. அதன் வேர் வளர்ச்சியும் தொடக்க வீரியமும் எந்தெந்த வழிகளில் வந்திருக்கின்றன என்பது தரிசில் மட்டுமே தெரியும்.

வரிசைக்கணக்கு

நூறுமணி சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு. எஃப்-5 வரை விளைச்சலைப் பார்க்காமல் இருந்தால், உதவாத குடும்பங்களையும் சுமந்துகொண்டே போவீர்கள். விதை போதுமான அளவு இருந்தால் எஃப்-3 குடும்பங்களை ஒரு முறை வரிசையாகப் போட்டு, குடும்பச் சராசரியில் கடைசி மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கலாம். உச்சத்தில் இருப்பதைப் பொறுக்குவதற்கு அது உதவாது. அடியில் இருப்பதைக் கழிக்க உதவும். முப்பது வரிசை வைத்திருப்பவருக்கு இது வேண்டாம், முந்நூறு வைத்திருப்பவருக்கு நிலமும் கூலியும் மிச்சம்.

வரிசை போடும்போது செய்யும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். 4 மீட்டர் வரிசை, 30 செ.மீ. இடைவெளி என்றால் பரப்பு 1.2 சதுர மீட்டர். அதில் 12 கிராம் வித்தியாசம் ஹெக்டேருக்கு 100 கிலோவாகிவிடும். 10 செ.மீ.க்கு ஒரு செடி வீதம் 40 செடியில் மூன்று இல்லாமல் போனாலே 7.5 சதவீதம். எனவே குழிக்கு இரண்டு விதை போட்டு, பத்தாம் நாள் ஒன்றாகக் கலைத்து, அறுவடையில் செடி எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை இரண்டு பெற்றோரையும் போட்டு, அந்த வரிசைகளோடு ஒப்பிடுங்கள். முழு வயல் சராசரியோடு ஒப்பிட்டால் மேட்டுப்பகுதி வழிகள் அநியாயமாகத் தோற்கும். ஓர வரிசையை எடை போடாதீர்கள். எல்லா வரிசையையும் ஒரே ஈரப்பதத்துக்கு, 10 சதவீதத்துக்கு அருகில், காயவைத்த பிறகே எடை பாருங்கள்.

துவரைவேலி

வீரிய ஒட்டு பற்றி. துவரைப் பூவுக்குத் தேனீ வரும், ஓரளவு அயல்மகரந்தச் சேர்க்கை இயற்கையாகவே நடக்கும். அதனால்தான் 1991-இல் ஐ.சி.பி.எச். 8 வெளிவர முடிந்தது, பயறு வகையிலேயே உலகின் முதல் வீரிய ஒட்டு அது. கோயம்புத்தூரிலிருந்தும் அதே தொண்ணூறுகளில் துவரை ஒட்டுகள் வந்தன. அவை மரபணுவழி ஆண் மலட்டுத்தன்மையை (பெண் செடியில் மகரந்தம் உருவாகாமல் இருப்பதை) நம்பியவை. பெண் வரிசையில் பாதிச் செடிகள் மகரந்தம் உள்ளவையாகவே பிறக்கும், பூக்கும் நேரத்தில் ஒவ்வொன்றையும் பார்த்துப் பிடுங்க வேண்டும். விதை உற்பத்திச் செலவு அங்கேதான் கட்டுப்படியாகாமல் போனது. பிறகு கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற காட்டு உறவிலிருந்து ஏ4 சைட்டோபிளாச மலட்டுத்தன்மை (தாய்வழியாகவே கடக்கும் ஆண் மலட்டுத்தன்மை) கிடைத்து ஐ.சி.பி.எச். 2671 வந்தது. அதில் பெண் வரிசை முழுவதும் மலடு, பிடுங்கும் வேலை இல்லை.

உளுந்தில் மலட்டுத்தன்மை கிடைத்தாலும் மகரந்தத்தை மூடிய பூவுக்குள் கொண்டுபோக ஆள் இல்லை. கைக்கலப்பில் ஒரு காய்க்கு நாலைந்து விதை என்றால் ஏக்கருக்கு எட்டு கிலோ விதைக்கு எத்தனை பூ தொட வேண்டும் என்று பாருங்கள். உளுந்தில் ஏற்றது தூயவழி ரகம்தான், அதாவது தன் விதையிலேயே மாறாமல் தொடரும் ரகம்.

மரபு அடித்தளம் குறுகியது என்பது உளுந்தின் பெரிய குறை. 1948-இல் பரேலி நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்த டி 9, இந்திய உளுந்து ரகங்கள் பலவற்றின் வம்சாவழியில் திரும்பத் திரும்ப வருகிறது. காட்டு உளுந்தைக் கலப்பில் சேர்த்து வம்பன் 6 வந்தது நல்ல முன்மாதிரி. காட்டு உளுந்தைச் சேர்த்தால் காய் வெடிப்பு, படரும் தண்டு, சிறுமணி, ஊறாத விதை ஆகியவையும் கூடவே வரும். ரகத்தோடு ஒருமுறையாவது பின்கலப்பு (எஃப்-1-ஐ மீண்டும் அந்த ரகத்தோடே கலப்பது) செய்த பிறகே எஃப்-2-க்குப் போங்கள், செடி எண்ணிக்கையும் இரு மடங்கு வேண்டும்.

நெல்தரிசு

கடைசியாக ஒன்று. சிறு உறைகளில் உள்ள எஃப்-2 விதையில் அடுத்த பட்டத்துக்குள் வண்டு விழுந்துவிடுகிறது. மருந்து கலக்காமல் காக்க வழி உண்டா?

படகுஅல்லி

வண்டு வயலிலேயே முதிர்ந்த காயின் மேல் முட்டையிடும், உறைக்குள் வருவது அப்புறம். காய் கருத்ததும் பறித்துவிடுங்கள், செடியிலேயே காய விடாதீர்கள். விதையைக் கடித்தால் டக்கென்று உடையும் பதம் வரை காயவைத்து, காற்றுப்புகாத உறையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். ஈரம் இருக்கும் விதையை ஃப்ரீசரில் வைத்தால் முளைப்பு போய்விடும், அதனால் காய்ச்சலில் அவசரம் கூடாது. வெளியே எடுத்ததும் உறையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் விதையில் நீர் கோக்கும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு, வெளியேயும் ஒரு எண். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.